கேட்டவர் சுமந்த கதை: ‘எல் எடெர்னவுதா’ சித்திரத்தொடர், ஒரு நிகழ்வு ஆய்வு

1957 செப்டம்பர் 4 அன்று, அர்ஜென்டினாவின் பியூனஸ் ஐரிஸ் நகரத்தில் ‘ஓரா சேரோ’ என்ற சித்திரக்கதை வார இதழின் முதல் எண் வெளிவந்தது. அதில் தொடங்கிய ‘எல் எடெர்னவுதா’ 106 பகுதிகளாக நீண்டு 1959-ல் முடிந்தது. எழுதியவர் எக்டோர் ஹெர்மன் ஓஸ்டர்ஹெல்ட். வரைந்தவர் பிரான்சிஸ்கோ சொலானோ லோபெஸ். அந்த முதல் எண் வெளியான நாளைத்தான் அர்ஜென்டினா இன்று தன் சித்திரக்கதை நாளாகக் கொண்டாடுகிறது.

காலப்பயணியின் பெயரைத் தலைப்பாகக் கொண்ட இந்தத் தொடரில், நாயகன் காலத்தில் பயணம் செய்யும் பக்கங்கள் மிகச் சில. தொடக்கத்தில் ஒரு காட்சி, முடிவில் சில காட்சிகள். இடையிலுள்ள நூற்றுக்கணக்கான பக்கங்களிலும் ஒரே நகரம், ஒரே போர், நடந்தே கடக்கும் தெருக்கள். எதிர்கால நகரங்களையோ பழைய பேரரசுகளையோ சுற்றிக்காட்டும் ஆசை இந்தக் கதைக்குத் துளியும் இல்லை. அப்படியானால் காலப்பயணம் இதற்கு எதற்காகத் தேவைப்பட்டது? சாட்சி சொல்வதற்காக என்பது என் பதில். நடந்ததைக் கண்ட ஒருவர், அது நடப்பதற்கு முந்தைய ஒரு நாளுக்கு வந்து இன்னொருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதற்கு மட்டுமே இங்கே காலம் வளைக்கப்படுகிறது. இந்த ஏற்பாட்டின் கனம் ஓஸ்டர்ஹெல்டின் சொந்த வாழ்வுக்கும் அவர் குடும்பத்துக்கும் என்னவாக வந்து சேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த ஆய்வு முழுமை பெறாது.

நாற்காலியும் பனியும்

இரவு நெடுநேரம் ஆகிவிட்டது. சித்திரக்கதைகளுக்கு எழுதும் ஒருவர் தன் வீட்டில் தனியாக வேலை செய்துகொண்டிருக்கிறார். எதிரே இருக்கும் காலி நாற்காலி, யாரோ உட்கார்ந்தது போல முனகுகிறது. மெல்ல மெல்ல அதில் ஒரு மனிதர் உருவாகிறார். அளவற்ற களைப்பு படிந்த முகம். தன் பெயர் ஹுவான் சால்வோ என்கிறார். பல நூற்றாண்டுகளாக அலைந்து திரிவதாகவும், முடிவற்ற காலத்தின் பயணி என்று பொருள்படும் ‘எடெர்னவுதா’ என்ற பெயரை இருபத்தோராம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஒரு மெய்யியலாளர் தனக்குச் சூட்டியதாகவும் சொல்கிறார். எழுத்தாளர் கேட்கத் தொடங்குகிறார். விடியும்வரை கேட்கிறார். நாம் படிப்பது முழுவதும் அவர் கேட்டதுதான்.

சால்வோ விண்வெளி வீரர் அல்ல, விஞ்ஞானியும் அல்ல. பியூனஸ் ஐரிஸை ஒட்டிய விசென்டே லோபெஸ் பகுதியில் மனைவி எலேனா, மகள் மார்த்தித்தாவுடன் வாழ்பவர். மின்மாற்றிகள் செய்யும் சிறு தொழிற்கூடம் வைத்திருக்கிறார். ஓர் இரவு வீட்டு மச்சில் நண்பர்களோடு ‘த்ருகோ’ சீட்டாடிக்கொண்டிருக்கிறார். இயற்பியல் பேராசிரியர் ஃபவால்லி, வங்கி ஊழியர் லூகாஸ், வயது முதிர்ந்த போல்ஸ்கி ஆகியோர் உடனிருக்கிறார்கள். வானொலியில் பசிபிக் கடலில் நடந்த அணு வெடிப்புச் சோதனை பற்றிய செய்தி. திடீரென்று விளக்குகள் அணைகின்றன, தெருவில் வண்டிகள் மோதும் சத்தம் கேட்கிறது, பிறகு பேரமைதி. ஜன்னலுக்கு வெளியே ஒளிரும் பனி பொழிகிறது. தெருவில் மனிதர்கள் விழுந்து கிடக்கிறார்கள். பனித்துகள் உடலில் பட்டாலே மரணம்.

போல்ஸ்கி தன் குடும்பத்தை நினைத்து வெளியே ஓடுகிறார். சில அடிகளிலேயே விழுந்துவிடுகிறார். அதற்குப் பிறகு வரும் பக்கங்கள் இந்தத் தொடரின் ஆகச் சிறந்த பகுதி என்பேன். கதவிடுக்குகளை அடைப்பது, கையிருப்பை எண்ணுவது, கிடைத்த துணியும் ரப்பரும் நீர்மூழ்கி முகமூடியும் கொண்டு உடலை முழுவதும் மூடும் உடையைத் தைப்பது என்று வேலை நடக்கிறது. ஓஸ்டர்ஹெல்ட் நிலவியல் படித்தவர். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது, எங்கே பழுதாகும் என்பதைப் பொறுமையாகச் சொல்லும் பழக்கம் அவர் எழுத்தில் ஊறியிருக்கிறது. உடையில் ஒரு தையல் விட்டால் உயிர் போகும் என்பதை வாசகர் விரல்நுனியில் உணர்கிறார். அந்த உடையும் முகமூடியும் அணிந்து, துப்பாக்கியோடு பனியில் நடந்துவரும் சால்வோவின் உருவம் அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த படமாக நிலைத்துவிட்டது.

பனியை விடவும் பெரிய ஆபத்து உயிர் பிழைத்த மற்ற மனிதர்களிடமிருந்து வரும் என்று ஃபவால்லி முதலிலேயே கணித்துவிடுகிறார். ஆனால் கதை அந்தக் கணிப்பிலேயே தங்கிவிடுவதில்லை. எஞ்சிய படைவீரர்களும் குடிமக்களும் சேர்ந்து ஒரு படையாகத் திரள்கிறார்கள். வேற்றுலகப் படையெடுப்பு என்பது தெளிவாகிறது. ஜெனரல் பாஸ் அவென்யூ, ரிவர் பிளேட் கால்பந்து அரங்கம், நாடாளுமன்றச் சதுக்கம் என்று போர் நகர்கிறது. அந்தக் காலத்து அறிவியல் புனைகதைகளில் உலகின் முடிவு நியூயார்க்கிலோ லண்டனிலோதான் நடக்கும். தாங்கள் வாரந்தோறும் ஆட்டம் பார்க்கப் போகும் அரங்கத்தில் மணல்மூட்டை அடுக்கிப் போரிடுவதை பியூனஸ் ஐரிஸ் வாசகர்கள் முதன்முறையாகப் பார்த்தார்கள். சொலானோ லோபெஸ் அந்த இடங்களை அடையாளம் தெரியும்படி வரைந்தார். முகங்களும் அப்படித்தான். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் காணக்கூடிய, தூக்கம் கெட்ட, தாடி வளர்ந்த முகங்கள்.

அச்சத்தின் ஏணி

படையெடுத்தவர்களின் அமைப்பு இந்தத் தொடரின் அறிவார்ந்த மையம். முதலில் வருபவை மனிதனை விடப் பெரிய வண்டுகள். அவற்றின் உடலில் பொருத்தப்பட்ட கருவிதான் அவற்றை ஆட்டுவிக்கிறது. அடுத்து, கட்டடங்களைத் தகர்க்கும் ‘குர்போ’ என்ற ராட்சத விலங்குகள். பிறகு, பிடிபட்ட மனிதர்களே பிடரியில் கருவி பொருத்தப்பட்டுத் தம் நண்பர்களை நோக்கிச் சுடுகிறார்கள். இவர்கள் எல்லோரையும் இயக்குபவர்கள் ‘மானோ’ எனப்படுவோர். கையில் எண்ணற்ற விரல்கள், மனிதனை மிஞ்சிய அறிவு.

அந்த மானோக்களும் அடிமைகளே. அவர்கள் உடலில் ஒரு சுரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. அச்சம் தோன்றிய கணத்தில் அது நஞ்சைச் சுரக்கும். அதாவது எதிர்க்கத் துணிந்து, அந்தத் துணிவு ஒரு நொடி தளர்ந்தாலும் மரணம். இப்படி ஏணிப்படிகளாக மேலே ஏறிப் போனால், உச்சியில் ‘அவர்கள்’ என்று மட்டும் சொல்லப்படுபவர்கள் இருக்கிறார்கள். தொடர் முழுவதிலும் அவர்களின் முகத்தையோ உருவத்தையோ ஒரு கட்டத்தில்கூட நாம் பார்ப்பதில்லை. மானோ அவர்களை முழு வெறுப்பின் வடிவம் என்கிறான்.

சால்வோ சந்திக்கும் ஒரு மானோ சாகும் காட்சியை இந்த ஆய்வுக்காக மறுபடி படித்தேன். எத்தனை முறை படித்தாலும் அதன் வலிமை குறையவில்லை. அச்சம் வந்துவிட்டது, நஞ்சு பரவத் தொடங்கிவிட்டது. எஞ்சிய சில நிமிடங்களில் அவன் தன் உலகம் எப்படி அழிக்கப்பட்டது என்று சொல்கிறான். கண்ணில் பட்ட ஒரு காபிப் பாத்திரத்தை ஒரு சிற்பத்தைப் போல வியக்கிறான். பிறகு தன் மொழியில் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே இறக்கிறான். கொல்ல வந்தவனுக்கு இப்படி ஒரு மரணத்தைக் கொடுத்த சாகசத் தொடர்கள் அந்தக் காலத்தில் அரிது. எதிரில் நிற்பவன் எதிரி அல்ல, அவனுக்குப் பின்னால் இருப்பவனே எதிரி என்ற உணர்வு அந்தக் காட்சிக்குப் பிறகு கதையை விட்டு விலகுவதே இல்லை.

1955 ஜூன் 16 அன்று அர்ஜென்டினக் கடற்படை விமானங்கள் அதிபர் பெரோனின் அரசைக் கவிழ்க்கும் முயற்சியில் பியூனஸ் ஐரிஸின் மையச் சதுக்கத்தின் மீதே குண்டு வீசின. 300க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து இந்தத் தொடர் தொடங்குகிறது. அதைக் குறித்து எழுதப்பட்ட உருவகக் கதை இது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வானத்திலிருந்து தன் நகரத்தின் மீதே மரணம் விழுவதைக் கண்டிருந்த வாசகர்களிடம்தான் இந்தப் பனி பொழிந்தது.

மறதி என்னும் முடிவு

நகரத்தின் மீது அணுகுண்டு விழுகிறது. தப்பிய சிலர் பனி பொழியாத பகுதி ஒன்று இருப்பதாக வானொலி சொல்வதை நம்பிப் போகிறார்கள். அது பொறி. ஃபவால்லியும் மற்ற தோழர்களும் பிடிபட்டுக் கருவியால் இயக்கப்படும் மனிதர்கள் ஆகிறார்கள். மனைவியையும் மகளையும் இழுத்துக்கொண்டு ஓடும் சால்வோ, எதிரிகளின் கலம் ஒன்றில் ஏறி, தெரியாத பொத்தான்களை அழுத்துகிறார். அது காலத்தைக் கடக்கும் கருவியும்கூட. மூவரும் வெவ்வேறு காலவெளிகளில் சிதறிப் போகிறார்கள். அவர் காலப்பயணி ஆனது இப்படித்தான். விரும்பி ஏற்ற சாகசம் அல்ல அது, குடும்பத்தைத் தொலைத்த விபத்து. அதன் பிறகான அவருடைய அலைச்சல் முழுவதும் இரண்டு பேரைத் தேடும் தேடல்.

கதையைச் சொல்லி முடித்த சால்வோ, இது எந்த ஆண்டு என்று எழுத்தாளரிடம் கேட்கிறார். 1959. படையெடுப்பு நடந்தது 1963-ல். அப்படியென்றால் மனைவியும் மகளும் சில தெருக்கள் தள்ளி அவர் வீட்டில் உயிரோடு இருக்கிறார்கள். அவர் ஓடுகிறார், எழுத்தாளர் பின்தொடர்கிறார். வீட்டு வாசலில் எலேனாவும் மார்த்தித்தாவும். சால்வோ அவர்களை அடைந்த கணத்தில் நூற்றாண்டுகளின் நினைவு முழுவதும் அவரை விட்டுப் போய்விடுகிறது. சீட்டாட நண்பர்கள் வருகிறார்கள். லூகாஸும் போல்ஸ்கியும் உயிரோடு வந்து நிற்கிறார்கள். எழுத்தாளரை யாரென்று சால்வோவுக்குத் தெரியவில்லை.

காலப்பயணக் கதைகளின் பெரிய தலைவலி, ஒரே காலத்தில் ஒரே மனிதர் இருவராக இருந்தால் என்னாகும் என்பது. ஓஸ்டர்ஹெல்ட் அதை மறதியால் தீர்க்கிறார். திரும்பி வந்தவர் பழைய தன்னோடு கலந்துவிடுகிறார், அதற்கு விலையாக நினைவைக் கொடுத்துவிடுகிறார். தர்க்கச் சிக்கலைத் தீர்க்கும் வித்தையாக மட்டும் இது நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. நினைவு அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. நான்கு ஆண்டுகளில் என்ன வரப்போகிறது என்று இப்போது அறிந்த ஒரே மனிதர், இரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த அந்த எழுத்தாளர்தான். சால்வோ இந்தச் சுமையை ஒரு வகையில் இறக்கி வைத்துவிட்டார். ஏற்றுக்கொண்டவருக்கு இறக்கி வைக்க இடம் இல்லை. இதை எல்லாம் எழுதி வெளியிட்டால் அந்தக் கொடுமையைத் தடுக்க முடியுமா, முடியுமா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்வதோடு தொடர் முடிகிறது. வாசகர் கையில் இருக்கும் இதழ்தான் அந்த முயற்சி.

இதில் நாயகன் யார்? 1970களின் நடுவில் தொடர் நூலாக வந்தபோது எழுதிய முன்னுரையில் ஓஸ்டர்ஹெல்ட் இதற்குப் பதில் சொன்னார். ராபின்சன் குரூசோவின் தனிமை தன்னை எப்போதும் ஈர்த்தது என்றும், அதைத் தன் பாணியில் எழுத முனைந்தபோது தனி மனிதனுக்குப் பதிலாகக் குடும்பமும் நண்பர்களும் வந்தார்கள் என்றும் எழுதினார். கடலுக்குப் பதில் மரணம் சூழ்ந்த தீவு. இந்தக் கதையின் உண்மையான நாயகன் ஒரு மனிதக் கூட்டம் என்பது அவர் முடிவு. பேராசிரியரும் கடைசல் தொழிலாளி ஃபிராங்கோவும் இரும்புக் கடைச் சிறுவன் பாப்லோவும் இல்லாமல் சால்வோ ஒரு தெருவைக்கூடக் கடந்திருக்க மாட்டார். ஃபிராங்கோவின் துணிச்சல் பல இடங்களில் சால்வோவைக் காப்பாற்றுகிறது.

எழுதியவர் காணாமல் ஆக்கப்பட்டார்

1969 மே மாதத்தில் ‘ஹென்டே’ என்ற பரபரப்பு வார இதழில் ஓஸ்டர்ஹெல்ட் இதே கதையைத் திரும்ப எழுதினார். இம்முறை வரைந்தவர் அல்பெர்டோ பிரெச்சியா. நாடு ஒங்கானியாவின் ராணுவ ஆட்சியில் இருந்தது. அதே மாத இறுதியில் கோர்தோபா நகரத்தில் தொழிலாளர்களும் மாணவர்களும் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய வடிவத்தில் வல்லரசுகள் தங்களைக் காத்துக்கொள்வதற்காகத் தென் அமெரிக்காவை வேற்றுலகத்தாரிடம் ஒப்படைத்துவிடுகின்றன. பிரெச்சியாவின் ஓவியங்களில் மைக்கறைகளும் ஒட்டுவேலையும் நிழலும் சேர்ந்து உருவங்கள் பாதி கரைந்து நிற்கும். அந்த இதழின் வாசகர்களுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. கதையை அவசரமாகச் சுருக்கி முடிக்கச் செய்துவிட்டு, இதழ் தன் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டது. ஓவியம் என்ற அளவில் இது முதல் வடிவத்தை விடத் துணிவானது. ஆனால் கதைக்கு மூச்சுவிட இடம் கிடைக்காமல் போனது பெரிய இழப்பு.

இதற்கிடையில் ஓஸ்டர்ஹெல்டின் நான்கு மகள்கள் எஸ்தேலா, டியானா, பெயாத்ரிஸ், மரீனா ஆகியோர் அரசியலில் இறங்கினார்கள். அவரும் மகள்களோடு, பெரோன் ஆதரவு இடதுசாரி ஆயுதக் குழுவான மொந்தோனேரோஸ் இயக்கத்தில் சேர்ந்தார். 1976 மார்ச் 24 அன்று ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு தலைமறைவானார். அந்த நிலையிலிருந்துதான் ‘ஸ்கோர்பியோ’ இதழுக்காக இரண்டாம் பாகத்தை எழுதினார், மீண்டும் சொலானோ லோபெஸின் ஓவியத்தோடு. இதில் கதை கேட்ட எழுத்தாளருக்கு ஹெர்மன் என்றே பெயர். அவரும் சால்வோவோடு அழிந்துபோன எதிர்காலத்துக்குள் போகிறார். கேட்டவராக இருந்தவர் இப்போது களத்தில் நிற்கிறார்.

இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் தரத்தில் இல்லை என்பது என் கருத்து. சால்வோ இதில் இயல்பை மீறிய ஆற்றல்கள் கொண்ட தலைவன். இலக்குக்காகத் தோழர்களையும் தன் குடும்பத்தையுமே பலி கொடுக்கும் இறுக்கம் அவரிடம் வந்துவிடுகிறது. கூட்டத்தை நாயகனாக்கிய கதை ஒற்றைத் தலைவனிடம் போய்ச் சேர்ந்தது. ஓவியருக்கே அந்தத் திசையில் உடன்பாடு இல்லை. ஆனாலும் இதை எந்த நிலையில் எழுதினார் என்று தெரிந்து படிக்கும்போது, தீர்ப்புச் சொல்லும் வேகம் தானாகத் தளர்கிறது.

1977 ஏப்ரல் 27 அன்று லா பிளாட்டா நகரத்தில் ஓஸ்டர்ஹெல்ட் ராணுவத்தினரால் கடத்தப்பட்டார். அவர் காணாமல் ஆக்கப்பட்ட பிறகும் ‘ஸ்கோர்பியோ’ இதழில் அவர் எழுதிய பகுதிகள் வந்துகொண்டிருந்தன. 1976 ஜூன் முதல் 1977 டிசம்பர் வரை, ஒருவர் பின் ஒருவராக நான்கு மகள்களும் பறிக்கப்பட்டார்கள். பெயாத்ரிஸின் உடல் மட்டுமே குடும்பத்துக்குக் கிடைத்தது. டியானாவும் மரீனாவும் கருவுற்றிருந்தார்கள்.

ஓஸ்டர்ஹெல்ட் ‘எல் வெசுபியோ’ உள்ளிட்ட ரகசியத் தடுப்பு முகாம்களில் வைக்கப்பட்டிருந்தார். காணாமல் ஆக்கப்பட்டோர் குறித்த தேசிய விசாரணை ஆணையத்தின் 1984 அறிக்கையில், அவரோடு அடைபட்டிருந்து உயிர் தப்பிய ஒருவரின் வாக்குமூலம் இருக்கிறது. 1977 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு காவலர்கள் கைதிகளின் முகமூடிகளைக் கழற்றவும், ஒரு சிகரெட் புகைக்கவும், ஐந்து நிமிடம் பேசவும் அனுமதித்தார்கள். அங்கிருந்தவர்களில் மூத்தவர் என்பதால், ஒவ்வொருவரின் கையையும் குலுக்கி வாழ்த்த வேண்டும் என்று ஓஸ்டர்ஹெல்ட் கேட்டுக்கொண்டார். அப்படியே செய்தார். 1978-ல் அவர் கொல்லப்பட்டதாகக் கருதப்படுகிறது. உடல் கிடைக்கவில்லை.

அவர் மனைவி எல்சா சான்செஸ் கணவரையும் நான்கு மகள்களையும் மருமகன்களையும் இழந்தார். எஞ்சியவர்கள் இரண்டு பேரன்கள். ராணுவம் பறித்துச் சென்ற பேரக்குழந்தைகளைத் தேடும் ‘பிளாசா தே மாயோ பாட்டிமார்’ அமைப்பில் இணைந்து, 2015-ல் இறக்கும்வரை நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தார். மகள்களின் வயிற்றிலிருந்த குழந்தைகள் பிறந்திருந்தால் இன்று நாற்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களையும் அந்த அமைப்பு தேடி வருகிறது. மொந்தோனேரோஸ் இயக்கத்தின் அரசியல் தேர்வுகளையும், கணவரும் மகள்களும் அதில் போனதையும் எல்சா ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஓஸ்டர்ஹெல்டைப் புனிதராக்கி எழுதும் பல கட்டுரைகள் எல்சாவின் இந்தக் கோபத்தைத் தவிர்த்துவிடுகின்றன. அந்தக் கோபத்துக்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

திரைக்கு வந்தபோது

2025 ஏப்ரல் 30 அன்று புரூனோ ஸ்தக்னாரோ இயக்கத்தில் ஆறு பகுதிகள் கொண்ட நெட்ஃபிளிக்ஸ் தொடராக இது வந்தது. ரிக்கார்டோ டாரின் சால்வோவாக நடித்தார். கதை இன்றைய பியூனஸ் ஐரிஸுக்கு மாற்றப்பட்டது, சால்வோ 1982 மால்வினாஸ் (ஃபாக்லாந்து) போரில் பங்கேற்ற முன்னாள் வீரர் ஆனார். இரண்டு மாற்றங்களையும் நான் வரவேற்கிறேன். 1957-ன் வாசகர்கள் தங்கள் சொந்தத் தெருக்களைத்தான் பார்த்தார்கள். இன்றைய பார்வையாளர்களுக்கும் அதே உரிமை உண்டு. பழைய வண்டியும் பழைய வானொலியும் மட்டுமே பனியில் இயங்கும் என்ற புதிய விதி, முதல் பக்கங்களின் கைவினை உணர்வை அழகாகப் பிடித்திருக்கிறது.

ஆனால் முதல் பருவத்தில் நாற்காலியும் இல்லை, இரவில் விழித்திருந்து கேட்கும் எழுத்தாளரும் இல்லை. காலப்பயணம், சால்வோவின் மனத்தில் மின்னி மறையும் காட்சிகளாக மட்டும் வருகிறது. இதனால் விறுவிறுப்பு கூடியிருக்கிறது. இழந்ததும் இருக்கிறது. கேட்பவர் இல்லாவிட்டால் சால்வோ இழக்கும் நினைவு போய்த் தங்க இடம் இல்லை, முடிவில் வரும் மறதி வெறும் திருப்பமாகிவிடும். இரண்டாம் பருவம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதை எழுதுபவர்கள் கலத்தையும் பொத்தான்களையும் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும். அந்த எழுத்தாளரை மட்டும் கதைக்குள் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும்.